சிலம்பும் நீர்க்குடுவையும்: நவீன துன்பியல் நாடகத்தில் நீதியும் சட்டமும்

1

நீதிமன்றமும் அரங்கும் நெருங்கிய உறவுடையன. இரண்டிலும் ஒருவர் முறையிடுகிறார், ஒருவர் மறுக்கிறார், சாட்சிகள் பேசுகின்றனர், கூடியிருப்போர் முன்னிலையிலே ஒரு முடிவு அறிவிக்கப்படுகின்றது. உலக நாடக வரலாற்றின் தொடக்கக் கட்டத்திலேயே இவ்வுறவு பதிவாகிவிட்டது. கி.மு. 458இல் ஏதென்ஸிலே மேடையேறிய ஈஸ்கிலஸின் ஒரெஸ்தியா என்னும் முந்நாடகத் தொகுதி, பழிக்குப் பழி என்னும் குலமரபு நியதியிலே தொடங்கி, வாக்கெடுப்பினால் வழக்கைத் தீர்க்கும் நீதிமன்றத்திலே முடிவடைகின்றது. பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன், ஈஸ்கிலஸும் ஏதென்ஸும் என்னும் தமது நூலிலே (1941), குலச் சமுதாயம் அரசாக மாறிய வரலாற்றின் கலைவடிவமாக இந்நாடகங்களை விளக்கினார். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றவர்கள். ஆதலின், நாடகத்திலே தோன்றும் நீதியை அந்நாடகத்தைத் தோற்றுவித்த சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு இணைத்து நோக்கும் முறைமை ஈழத்துத் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியதன்று.

அம்முறைமையை நவீன நாடகமொன்றின்மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெர்டோல்ட் பிரெக்ட் 1929-30 ஆண்டுகளில் எழுதிய, ‘விலக்கும் விதியும்’ எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட நாடகத்தை நாம் எடுத்துக்கொள்கின்றோம். 1978இல் தோன்றிய தமிழ் அவைக்காற்று கலைக்கழகம், கே. பாலேந்திராவின் நெறியாள்கையில், இதனை ‘யுகதர்மம்’ என்னும் பெயரிலே ஈழத்துத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தது. ‘விதி’ என்னும் சொல் தமிழிலே ஊழையும் குறிக்கும், சட்ட ஏற்பாட்டையும் குறிக்கும். அவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட மயக்கத்தைத் தவிர்த்து, குறித்த ஒரு காலத்தின் நியதி என்னும் பொருளிலே ‘யுகதர்மம்’ எனப் பெயரிட்டமை பொருத்தமானதே. ஊழ் மாறாதது, யுகம் மாறுவது.

2

நாடகத்தின் கதையமைப்பு எளிமையானது. எண்ணெய் அகழும் உரிமையைப் போட்டியாளருக்கு முன் பெற்றுக்கொள்ளும் பொருட்டு, வணிகன் ஒருவன் வழிகாட்டியுடனும் சுமைகூலியுடனும் பாலைநிலத்தைக் கடக்கின்றான். வழிகாட்டியும் கூலியும் நட்புடன் பேசிக்கொள்வது அவனுக்கு அச்சமூட்டுகின்றது. வழிகாட்டியை இடைவழியிலே வேலையினின்றும் நீக்கிவிடுகின்றான். பிரியுமுன் வழிகாட்டி தன் நீர்க்குடுவையைக் கூலியிடம் இரகசியமாகக் கொடுத்துச் செல்கின்றான். பெருக்கெடுத்தோடும் ஆற்றைக் கடக்குமாறு வணிகன் கூலியைத் துப்பாக்கி முனையிலே நிர்ப்பந்திக்கின்றான். கூலியின் கை முறிகின்றது. பின்னர் வழி தவறுகின்றது. நீர் அருகுகின்றது. தனக்கென மறைத்துவைத்த நீரை வணிகன் களவாக அருந்துகின்றான். அவ்வேளையிலே கூலி தன்னிடமிருந்த குடுவையை எடுத்துக்கொண்டு வணிகனை நோக்கி வருகின்றான். இருளிலே அதனைக் கல்லென்று கொண்ட வணிகன் அவனைச் சுட்டுக் கொல்கின்றான்.

இறுதிப் பகுதி நீதிமன்றத்திலே நிகழ்வது. கூலியின் மனைவி கணவனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் தனக்கு நட்டஈடும் கோருகின்றாள். வழிகாட்டி சாட்சியம் அளித்துக் குடுவையையும் மன்றின்முன் வைக்கின்றான். கூலியின் கையில் இருந்தது கல்லன்று, தண்ணீரே என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகின்றது. எனினும் வணிகன் விடுதலை பெறுகின்றான். நீதிபதி காட்டும் நியாயம் பின்வருமாறு அமைகின்றது: கூலியை வணிகன் கொடுமையாக நடத்தினான், எனவே கூலி வணிகனை வெறுப்பதற்கு எல்லாக் காரணமும் உண்டு, வெறுப்பவன் தண்ணீர் கொண்டுவருவான் என எதிர்பார்ப்பது அறிவுடைமையன்று, ஆகவே வணிகன் தன்னைத் தற்காத்துக்கொண்டவனே. செய்த கொடுமையே கொலைக்கு நியாயமாகின்றது. மனைவியின் கோரிக்கை தள்ளுபடியாகின்றது.

3

இதனைத் துன்பியல் நாடகம் எனலாமா என்னும் வினா இவ்விடத்து எழும். பிரெக்ட் இதனைக் கற்பித்தல் நாடக வகையிலே சேர்த்தார். ஜோர்ஜ் ஸ்டைனர் போன்றோர், துயரத்துக்குச் சமுதாயப் பரிகாரம் உண்டென நம்பும் மார்க்சியத்துக்கும் துன்பியலுக்கும் ஒவ்வாது என வாதிட்டனர். இதற்கு மாறாக, ரேமண்ட் வில்லியம்ஸ் நவீன துன்பியல் என்னும் தமது நூலிலே (1966), அன்றாட வாழ்விலும் வரலாற்றிலும் நேரும் அவலங்களைத் துன்பியலினின்றும் விலக்கிவைப்பது ஒரு கருத்துநிலைச் செயற்பாடே என்று காட்டினார். நாம் வில்லியம்ஸின் பக்கமே சார்கின்றோம். ஆனால் நூற்சான்று மட்டும் இதற்குக் காரணமன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், துணுக்காயிலே ஆசிரியர் சிலரும் கமக்காரர் சிலரும் கூடிய மாலைப்பொழுதொன்றில் இந்நாடகத்தை உரத்து வாசிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர்களைச் சேர்ந்தோர் அவர்கள். கோடையிலே தெருவால் வருபவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது அங்கு அறச்செயலாகப் பேசப்படுவதில்லை. அது வெறும் வழக்கம். தண்ணீர் கொடுப்பதை நம்பமுடியாத விலக்காக நீதிபதி கொண்ட இடத்தில் கூட்டத்திலே சிரிப்பெழுந்தது. சிரிப்பு அடங்கியபின் முதியவர் ஒருவர், “தம்பி, அவன் தண்ணி குடுக்காமல் விட்டிருந்தாலும் அவன்ரை தலையிலைதானே வழக்கு விழுந்திருக்கும்?” என்று வினவினார்.

நாடகத்தின் உயிர்நிலையை அவ்வினா தொட்டுவிட்டது. கூலி அன்பினால் தண்ணீர் கொண்டுசெல்லவில்லை. தாகத்தால் வணிகன் இறந்துகிடக்க, தன்னிடம் நீர் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால், தன்மீது வழக்குத் தொடுப்பார்கள் என்னும் அச்சத்தினாலேயே அவன் எழுந்து செல்கின்றான். நீதிமன்றம் நாடகத்தின் இறுதியிலே தோன்றுவதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பாலைநிலத்து இரவிலேயே, கூலியின் நெஞ்சினுள்ளே கூடிவிட்டது. சட்டத்துக்கு அஞ்சிக் கொடுத்தான், அதனால் கொல்லப்பட்டான். கொடாதிருந்தால் சட்டமே அவனைக் கொன்றிருக்கும். இரண்டு வழியும் அடைபட்ட நிலையே துன்பியலின் நிலை.

அரிஸ்டோட்டில் கூறிய துன்பியல் தலைவன் தனது தவறொன்றினால் வீழ்ச்சியுறுகின்றான். இக்கூலியிடம் அத்தகைய தவறு எதனையும் நாம் காணமுடியாது. அவனது வீழ்ச்சிக்குக் காரணம் அவன் நிற்கும் இடமே. ஊழின் இடத்தை உற்பத்தி உறவு எடுத்துக்கொள்கின்றது. ‘கூலி’ என்னும் சொல்லே எமது கவனத்துக்குரியது. ஐரோப்பிய மொழிகளிலே வழங்கும் இச்சொல் பெரும்பாலும் தமிழின் ‘கூலி’யுடன் தொடர்புறுத்தப்படுவது. ஒரு மனிதனுக்குக் கொடுபடும் ஊதியம் அம்மனிதனின் பெயராகவே மாறி உலகெங்கும் சென்று, ஜெர்மானிய நாடகமொன்றின் வழியாக எம்மிடம் திரும்பி வந்துள்ளது. இந்நாடகத்திலே அவனுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

4

வன்னி மக்களுக்கு நீதிமன்றக் காட்சியொன்று நெடுங்காலமாகவே பழக்கமானது. முல்லைத்தீவுப் பிரதேசத்தின் கோவலன் கூத்து இன்றும் அறியப்பட்ட கலைவடிவம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குத் துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் முதலாய ஊர்களிலிருந்தும் மக்கள் செல்வர். அக்கோயிலில் விளக்கு எரிவது கடல்நீரிலே என்பது அவர்களது நம்பிக்கை. கிழக்கிலங்கையிலே கண்ணகி கதை ‘கண்ணகி வழக்குரை’ என்னும் பெயரையே பெற்றிருக்கின்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசனின் முன்சென்று வழக்குரைப்பதே எமது மரபிலே நீதியின் முதன்மைப் படிமம் ஆகும்.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒற்றுமைகள் வெளிப்படையானவை. இரண்டிலும் குற்றமற்றவன் கொல்லப்படுகின்றான். இரண்டிலும் கைம்பெண் மன்றேறுகின்றாள். இரண்டிலும் வழக்கின் தீர்வு ஒரு பொருளிலே தங்கியுள்ளது: அங்கே சிலம்பு, இங்கே குடுவை. சிலம்பை உடைத்தபோது உள்ளிருந்து தெறித்தது பாண்டிமாதேவியின் சிலம்புக்குரிய முத்தன்று, மாணிக்கம். குடுவையைத் திறந்தபோது உள்ளே இருந்தது தண்ணீர். இரு சான்றுகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

வேறுபாடோ அடிப்படையானது. பாண்டியன் தவறியது அறியாமையினால், ஆராயாது ஆணையிட்டான். உண்மை வெளிப்பட்டதும் தானே கள்வன் என ஏற்று வீழ்ந்து இறந்தான். சான்று தீர்ப்பை மாற்றியது. யுகதர்மத்தின் நீதிபதிக்கோ அறியாமை கிடையாது. அவன் ஆராய்கின்றான், சாட்சிகளைக் கேட்கின்றான், குடுவையைக் கையில் எடுத்துப் பார்க்கின்றான். அனைத்தையும் அறிந்தபின்னரும் தீர்ப்பு மாறுவதில்லை. உண்மை தெரியாமையினால் நீதி பிழைப்பது பழைய அவலம். உண்மை முழுவதும் தெரிந்த நிலையிலே, முறைப்படி, நீதி மறுக்கப்படுவது நவீன அவலம். நாம் இக்கட்டுரையிலே நிறுவ விழைவது இதுவே.

இதனால் கண்ணகியின் காலத்து அரசு நேர்மையானது, இன்றைய அரசு மட்டுமே வர்க்க நலன் பேணுவது எனக் கொள்ளல் தவறு. தன் பிழைக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்ளும் அரசன் என்பது நிலவுடைமை அரசு தன்னைப்பற்றி உருவாக்கிக்கொண்ட இலட்சியப் படிமமே. சிலப்பதிகாரத்திலேயே அதற்கு எதிர்ச்சான்று உண்டு. அரசன் இறந்தபின் ஆட்சிக்கு வந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் பொருட்டு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என அக்காப்பியம் கூறுகின்றது. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஒரு தொழிற்பிரிவினர் உயிர்கொடுத்தனர். அவர்களுடைய மனைவியர் எவரிடம் வழக்குரைத்தனர் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. பிறந்த பிரிவே குற்றத்துக்குச் சான்றாகும் நியதி, சிலம்பின் கதைக்குள்ளேயே தொடங்கிவிட்டது எனலாம்.

5

எம்மிடையே மார்க்சிய நோக்குடைய சிலர் இந்நாடகத்தை முதலாளித்துவ நீதிமன்றத்தின் மீதான அங்கதமாக மட்டுமே காண்பர். அவர்களுக்கு அந்நீதிபதி ஒரு கைக்கூலி, சட்டம் ஒரு முகமூடி. இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. நீதிபதி இலஞ்சம் பெற்றிருந்தால் இது மிகையுணர்ச்சி நாடகமாகக் கீழிறங்கியிருக்கும். நல்ல நீதிபதியொருவரை நியமித்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்னும் முடிவுக்கே பார்வையாளர் வந்திருப்பர். பிரெக்ட் காட்டும் நீதிபதி சட்டத்தை மீறவில்லை. சட்டம் எந்த ‘இயல்பான மனிதனை’ அளவுகோலாகக் கொள்கின்றதோ, அந்த மனிதன் சொத்துடையவன் என்பதே அங்கு புலப்படுவது. அச்சம் கொள்ளும் உரிமை அவனுக்கே உண்டு. கூலியின் அச்சம் வழக்கேட்டிலே இடம்பெறுவதில்லை.

இது நாடக ஆசிரியரின் மிகைக் கற்பனை என எண்ணுவோர் கீழ்வெண்மணி வழக்கினை நோக்குதல் தகும். கூலி உயர்வு கோரிய விவசாயத் தொழிலாளர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் இடையில் எழுந்த முரண்பாட்டின் விளைவாக, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிலே 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு 44 பேர் ஒரு குடிசையினுள் எரிந்து மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரைச் சென்னை உயர் நீதிமன்றம் 1970களில் விடுவித்தது. பெரும் நிலமும் செல்வமும் உடைய மிராசுதாரர்கள் தாமே நடந்துசென்று குடிசைகளுக்குத் தீயிட்டிருப்பர் என்பது நம்பற்கரியது என்பதும் அத்தீர்ப்பிலே இடம்பெற்ற கருத்துக்களுள் ஒன்று. பிரெக்டின் நீதிபதி, ஏழை வெறுக்காமல் இருப்பான் என்பதை நம்பமுடியாதென்றான். இத்தீர்ப்பு, செல்வன் இக்குற்றத்தைத் தானே செய்வான் என்பதை நம்பமுடியாதென்றது. இரண்டும் ஒரே தருக்கத்தின் இரு பக்கங்கள். சமுதாயப் படிநிலை சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு குருதிப்புனல் நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதி, அடுத்து நந்தன் கதை நாடகத்திலே தீயினையே முடிவாக வைத்தமை தற்செயலானதென நாம் கருதவில்லை.

6

இத்தருக்கத்தை இலங்கைச் சட்ட வரலாற்றிலே தேடுவோர் வெறுங்கையுடன் திரும்பமாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தோர் அவர்களிடையே பலர். காடு வெட்டிக் கழனியாக்கிய அக்கரங்கள், பல இடங்களிலே தமிழ் நிலவுடைமையாளரின் வயல்களில் நாட்கூலிக்கே உழைத்தன. அவர்களை நோக்கிய எமது சமுதாயத்தின் ஐயப்பார்வையும் வணிகனின் பார்வையே. அதனை மறைத்துவிட்டு நீதி குறித்துப் பேசுதல் ஆய்வு நேர்மையாகாது.

1979இல் நிறைவேறிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னொரு சான்று. அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் தொடர் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. சாதாரணச் சட்டத்தில் ஏற்கப்படாத, பொலிஸ் அதிகாரிக்கு அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம், உதவி அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத ஒருவர் முன் பெறப்பட்டால் இச்சட்டத்தின் கீழ்ச் சான்றாகக் கொள்ளப்படலாம். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் பொறுப்போ குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். விலக்கு விதியாயிற்று. ஐயுறப்படுபவன் ஐயத்துக்குரியவன் அல்லன் என்பதைத் தானே நிறுவவேண்டும். அந்த ஆண்டுகளிலே யுகதர்மத்தைப் பார்த்த தமிழ்ப் பார்வையாளர்க்கு இறுதிக் காட்சி அயல்நாட்டுக் கதையாகத் தோன்றியிருக்க இடமில்லை.

இவ்விடத்து ஒரு சுயவிமர்சனமும் அவசியம். எமது மார்க்சிய விமர்சன மரபு நீண்டகாலம் இந்நாடகத்தை முதலாளி, தொழிலாளி என்னும் எதிர்நிலையிலே மட்டும் வாசித்தது. சாதியும் இனமும் நீதிமன்றத்திலே சான்றாக நிற்கும் முறைமையை அது போதியளவு கணக்கிற் கொள்ளவில்லை. வணிகன் கூலியை அஞ்சுவது அவன் ஏழை என்பதனால் மாத்திரமன்று. அவன் அந்நியன் என்பதனாலும் ஆகும். நாடகமே இதற்கு இடந்தருகின்றது; வாசித்தவர்களே இடந்தரவில்லை.

ஆயின் சட்டம் முற்றாகவே புறக்கணிக்கத்தக்கதா? பிரித்தானிய மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்ப்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவியாக அமைந்தபோதிலும், அது நியாயமானதாகத் தோற்றமளிக்க வேண்டியிருப்பதனால் ஆளுவோரையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றது என வாதிட்டார். எமது அனுபவமும் இதற்கு முரணன்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. எனினும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் அச்சட்டத்தினால் மாத்திரம் திறக்கவில்லை. 1966இலிருந்து யாழ்ப்பாணத்திலே எழுந்த போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்திலே நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் தேவைப்பட்டன. அதேவேளை, சட்டம் ஏட்டிலே இருந்தமை போராடியவர்களின் கையில் ஒரு கருவியாயிற்று. அப்போராட்டச் சூழலிலிருந்தே கந்தன் கருணை போன்ற நாடகங்களும் தோன்றின. சட்டத்துக்கும் நீதிக்கும் இடையிலான தூரத்தை மக்கள் இயக்கமே குறைக்கின்றது. அத்தூரத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது அரங்கின் பணியாகின்றது.

7

நாடகத்தின் குறையொன்றையும் சுட்டுதல் கடன். கண்ணகிக்குக் காப்பியம் அளித்த குரலைப் பிரெக்ட் கூலியின் மனைவிக்கு அளிக்கவில்லை. அவள் கோரிக்கையை முன்வைக்கின்றாள், தீர்ப்பைக் கேட்கின்றாள். அதன்மேல் அவள் யாதாகின்றாள் என்பது சொல்லப்படவில்லை. அவளது மௌனத்தைப் பார்வையாளரின் சினத்தால் நிரப்ப எண்ணினார் பிரெக்ட். முடிவுரையிலே நடிகர்கள், வழமையெனப் படுவதை வழமையாக ஏற்காதிருக்கவும், முறைகேட்டைக் கண்டவிடத்துப் பரிகாரம் தேடவும் அவையோரை வேண்டுவதன் உட்பொருள் அதுவே. ஆனால் நவீன அரங்கு அவளை அவ்வளவில் விட்டுவிடலாகாது என்பது எமது துணிபு.

ஏனெனில் அப்பெண்ணை வன்னி அறியும். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அதனையடுத்து முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவியரும். 2009இல் தம் கண்முன்னே கையளித்தவர்கள் எங்கே என்பதே பலருடைய வினா. அவர்கள் ஏந்தி நின்றவை நிழற்படங்கள். ஆணைக்குழுக்களின் முன்னும் அவர்கள் சாட்சியம் அளித்தவர்களே. அவர்கள் சொல்வது தெரியாமையினால் நீதி தாமதிக்கின்றது என எவரும் கூறமுடியாது. சிலம்பு உடைந்தபோது அரசன் வீழ்ந்தான். குடுவை திறந்தபோது எவரும் வீழவில்லை. நிழற்படத்தை ஏந்தியவள் எவ்வரங்கிலே, எவ்வாறு பேசுவாள் என்பது ஈழத்து நாடகம் இனி எழுதவேண்டிய காட்சியாகும்.

துணுக்காயில் அம்முதியவர் கேட்ட வினாவுக்கு அன்று எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. கொடுத்தாலும் குற்றம், கொடாவிட்டாலும் குற்றம் என்னும் நிலையிலே மனிதனை நிறுத்துகின்ற ஒழுங்கினுள் அவ்வினாவுக்கு விடை கிடையாது. அவ்வொழுங்கினைப் பிறந்த நியதியாகக் கொள்ளாது, மனிதர் ஆக்கியதாகவும் மனிதரால் மாற்றத்தக்கதாகவும் காணும்போதே விடை தொடங்குகின்றது. கோடையிலே ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது விதியாக இருக்கும் ஊரொன்றில், அதனை விலக்கெனக் கூறிய தீர்ப்பைக் கேட்டு மக்கள் சிரித்தனர். அச்சிரிப்பிலே ஒரு மாற்றுச் சட்டத்தின் முதல் வாசகம் அடங்கியிருக்கின்றது என நாம் கருதுகின்றோம்.